பாயிண்ட் அண்ட் க்ளிக் அட்வென்ச்சர் கேம்: ரெண்டு க்ளிக்குக்கு நடுவுல என்ன நடக்குது?

மவுஸால படத்துல இருக்கறதைத் தொட்டு, புதிரைத் தீர்த்துக் கதையை நகர்த்தற பாயிண்ட் அண்ட் க்ளிக் கேம் பத்தி பேச்சு எடுத்தாலே ரெண்டு விஷயம் திரும்பத் திரும்ப காதுல விழும். ஒண்ணு, "ஸ்க்ரீன்ல இருக்கறதையெல்லாம் க்ளிக் பண்ணிட்டே இருக்கணும், எதாவது ஒண்ணு வொர்க் ஆகும், அவ்ளோதான்". இன்னொண்ணு, "அது கேமே இல்லப்பா, நிறுத்தி நிறுத்தி ஓடுற படம்". ரெண்டுமே தப்பு, ரெண்டும் ஒரே காரணத்தாலதான் தப்பு. இந்த வகை கேம்ல நிஜமான விளையாட்டு நடக்கறது ஒரு க்ளிக்குக்கும் அடுத்த க்ளிக்குக்கும் நடுவுல நாம யோசிக்கிற அந்த நேரத்துல. இது தெரியாம உட்கார்ந்தா முதல் அரை மணி நேரத்துலயே கடுப்பாகி மூடிட்டு, நல்ல கேமையே போர்னு சொல்லிட்டுப் போயிடுவோம், அது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கும்.

அதனால இதை அடிப்படையிலேர்ந்து சொல்றேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு கேம் எடுத்துக்கறேன், 1990-ல லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்'. ரான் கில்பர்ட், டிம் ஷேஃபர், டேவ் க்ராஸ்மன் மூணு பேரும் சேர்ந்து எழுதினது. இதோட சில புதிர்களுக்கு விடை கீழ வரும், அதைச் சொல்லாம விளக்கவே முடியாது. ஆனா கேமோட முதல் பாகத்தைத் தாண்டி எதையும் சொல்ல மாட்டேன்.

ஸ்க்ரீன்ல என்னென்ன இருக்கு

கைப்ரஷ் த்ரீப்வுட்னு ஒரு சின்னப் பையன், கடற்கொள்ளைக்காரன் ஆகியே தீரணும்னு மெலேங்கற தீவுக்கு வந்து சேர்றான். அவன்தான் நாம. ஸ்க்ரீனோட மேல் பகுதில அவன் நிக்கிற இடம் படமா தெரியும், கீழ சில வார்த்தைகளும் அவன் கையில வச்சிருக்கற பொருள் எல்லாமும் இருக்கும்.

இதுல மூணு வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சா போதும். படத்துல மவுஸை வச்சா பேரு காட்டுற, க்ளிக் பண்ணா ஏதோ ஒரு பதில் தர்ற இடம் ஹாட்ஸ்பாட். அது கதவா இருக்கலாம், ஒரு ஆளா இருக்கலாம், மரப்பலகையா இருக்கலாம். நாம எடுத்துச் சேர்த்து வச்சிருக்கற பொருட்கள் இருக்கற பை இன்வென்ட்டரி. 'எடு', 'குடு', 'தள்ளு', 'பேசு', 'பயன்படுத்து' மாதிரி கீழ இருக்கற செயல் வார்த்தைகள் வெர்ப். வெர்பைத் தொட்டு அப்புறம் ஹாட்ஸ்பாட்டைத் தொட்டா ஒரு கட்டளை முழுசாகும்.

இந்த வெர்ப் லிஸ்ட் ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சா கேமோட தன்மையும் புரியும். 1970-கள்ல வில் க்ரௌதர் எழுதி, அப்புறம் டான் வுட்ஸ் பெருசாக்கின 'கொலாசல் கேவ் அட்வென்ச்சர்'ல படமே கிடையாது, எல்லாத்தையும் கீபோர்டுல டைப் பண்ணணும். 1984-ல வந்த 'கிங்ஸ் க்வெஸ்ட்'ல படம் இருந்துச்சு, ராஜாவோட வீரன் ஸ்க்ரீன்ல நடந்தான், ஆனா அவன் என்ன செய்யணும்ங்கறதை அப்பவும் டைப்தான் பண்ணணும். அதுல பெரிய தொல்லை என்னன்னா நமக்கு விடை தெரிஞ்சிருக்கும், ஆனா கம்ப்யூட்டர் எந்த வார்த்தையை எதிர்பார்க்குதுன்னு தெரியாம அரை மணி நேரம் வேற வேற வார்த்தையா அடிச்சுப் பார்த்துட்டு இருப்போம். 1987-ல 'மேனியாக் மேன்ஷன்' 15 வெர்பை ஸ்க்ரீன்லயே எழுதி வச்சு, இதுல ஒண்ணைத் தேர்ந்தெடுன்னு சொன்னதும் அந்தத் தொல்லை ஒழிஞ்சுது. அதுக்குன்னே செஞ்ச மென்பொருள்தான் ஸ்கம், மங்கி ஐலண்டும் அதுல ஓடினதுதான். போகப் போக வெர்ப் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, 1997-ல வந்த மூணாவது மங்கி ஐலண்ட்ல எடுக்கக் கை, பார்க்க மண்டை ஓடு, பேசக் கிளின்னு மூணே சின்னம், இப்ப வர்ற பல கேம்ல ஒரே ஒரு க்ளிக்தான். க்ளிக் பண்ற வேலை குறைஞ்சுதே தவிர யோசிக்கிற வேலை குறையல.

சுருக்கமா, ஹாட்ஸ்பாட், இன்வென்ட்டரி, வெர்ப், இந்த மூணும் கம்ப்யூட்டர்கிட்ட நாம சொல்ல நினைக்கிறதைச் சொல்ற வழி. என்ன சொல்லணும்ங்கறது இனிமேதான்.

புதிர் எப்படிக் கோர்த்திருக்கும்: ஒரு கல்யாண வேலை

வீட்ல ஒரு கல்யாணம்னு வச்சுக்கோங்க. முகூர்த்த தேதி குறிக்காம மண்டபம் புக் பண்ண முடியாது, மண்டபம் முடிவாகாம பத்திரிகை அடிக்க முடியாது, பத்திரிகை வராம ஊருக்குப் போய் அழைக்க முடியாது. இது ஒரு வரிசை. ஆனா இது நடக்கற அதே நேரத்துல ஒருத்தர் நகை எடுக்கலாம், ஒருத்தர் புடவை எடுக்கலாம், ஒருத்தர் சமையல்காரர்கிட்ட பேசலாம், இதுல எது முதல்ல எது அப்புறம்ங்கற கட்டாயம் இல்ல. கடைசில எல்லா வரிசையும் தாலி கட்டற அந்த ஒரு நேரத்துல வந்து சேரணும், ஒண்ணு விட்டுப்போனாலும் அங்க நிக்கும்.

அட்வென்ச்சர் கேம்ல புதிர்கள் இருக்கறதும் இதே அமைப்புலதான். எது முடிஞ்சாதான் எது திறக்கும்னு கேம் செய்யறவங்க ஒரு பெரிய தாள்ல கட்டம் கட்டமா வரைஞ்சு கோடு போட்டு வச்சுப்பாங்க, அதுக்குப் பேரு டிபெண்டென்சி சார்ட். விளையாடற நமக்கு அந்தத் தாளைக் காட்ட மாட்டாங்க. நாம தீவுல சுத்தி, ஆளுங்ககிட்ட பேசி, அந்தத் தாளை மனசுக்குள்ள நாமளே திரும்ப வரைஞ்சுக்கறோம், அதுதான் இந்த விளையாட்டு.

மெலே தீவுல அந்த சார்ட்

கேம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல மதுக்கடைல உட்கார்ந்திருக்கற மூணு பெரிய தலைங்க கைப்ரஷ்கிட்ட மூணு சோதனை சொல்வாங்க. வாள் சண்டைல தீவோட வாள் தலைவியை ஜெயிக்கணும், கவர்னர் மாளிகைலேர்ந்து ஒரு சிலையைத் திருடணும், புதைச்சு வச்ச புதையலைத் தோண்டி எடுக்கணும். எதை வேணா முதல்ல செய்யலாம். பாருங்க, மூணு வரிசை ஒரே நேரத்துல திறந்துடுச்சு. இது தற்செயல் இல்ல, ஒண்ணுல மாட்டிக்கிட்டா இன்னொண்ணுக்குப் போக வழி இருக்கணும்னு யோசிச்சு வச்சது.

இப்ப கொஞ்சம் தேடினா தெரியும், வாள் வேணும்னா காசு, மண்வெட்டி வேணும்னா காசு, புதையல் வரைபடம் வேணும்னாலும் காசு. கைப்ரஷ்கிட்ட காசே இல்ல. அதாவது மூணு சோதனைல ரெண்டு ஒரே இடத்துல வந்து முட்டுது. தீவுல ஒரு சர்க்கஸ் கூடாரம் இருக்கு, அங்க ரெண்டு சகோதரர்கள் பீரங்கிக்குள்ள புகுந்து பறக்க ஆள் தேடறாங்க, கூலி 478 காசு. ஆனா தலைக்கு ஹெல்மெட் இருந்தாதான் ஒத்துப்பாங்க.

ஹெல்மெட் தீவுல எங்கயும் விக்கல. இங்கதான் நிறைய பேர் கேமை மூடுவாங்க. ஆனா கேள்வியை மாத்திப் பாருங்க. ஹெல்மெட்ங்கற பொருள் நமக்குத் தேவையே இல்ல, தலையை மூடற மாதிரி கெட்டியா ஏதாவது ஒண்ணு இருந்தா போதும். மதுக்கடை சமையலறைல ஒரு பாத்திரம் சும்மா கிடக்கு, சமையல்காரர் வெளிய போற நேரமா பார்த்து உள்ள நுழைஞ்சா எடுத்துக்கலாம். அதை அந்தச் சகோதரர்கள்கிட்ட குடுத்தா முடிஞ்சுது, கைப்ரஷ் பாத்திரத்தை மாட்டிக்கிட்டு பறந்து போய் மோதி 478 காசோட எழுந்திருக்கறான்.

இந்தப் புதிர்ல நாம செஞ்சது சில க்ளிக்தான். ஆனா பாத்திரத்தைச் சமைக்கிற சாமானா பார்க்காம அதோட வடிவத்தையும் கெட்டித்தனத்தையும் பார்க்கற அந்த ஒரு நொடி இருக்கே, அதுக்காகத்தான் இந்த வகை கேமை விளையாடறதே. அந்த ஒரு விடைல காசு வந்து, காசுல வாளும் மண்வெட்டியும் வரைபடமும் வந்து, சார்ட்ல மூணு கட்டம் ஒரே அடில திறக்கும்.

சிலை திருடற வரிசை வேற மாதிரி, நீளமா ஒண்ணு மேல ஒண்ணா போகும். மாளிகை வாசல்ல கடிக்கிற நாய்ங்க இருக்கு, அதுங்களைத் தூங்க வைக்க சமையலறை இறைச்சியோட காட்டுல கிடைக்கற ஒரு பூவைச் சேர்க்கணும். உள்ள போனா சிலையை எடுக்க ஒரு அரம் வேணும்னு தெரியும். அரம் ஜெயில்ல இருக்கற ஓட்டிஸ்கிட்ட இருக்கற கேக்குக்குள்ள இருக்கு, அவரு கேக்கைத் தரணும்னா எலித் தொல்லையைத் தீர்க்க மருந்து குடுக்கணும், அவரு பக்கத்துல போய்ப் பேசணும்னா அந்த வாய் நாத்தத்துக்குக் கடைல மிட்டாய் வாங்கித் தரணும். இதைப் படிக்கும்போது சுத்திவளைக்கிற மாதிரி தெரியும், விளையாடும்போது அப்படித் தெரியாது, ஏன்னா ஒவ்வொரு படிலயும் அடுத்து என்ன தேவைன்னு அந்த ஆளே வாயால சொல்லிடுவாரு. இந்த நீள வரிசைல நாம தீவோட பாதி ஆட்களைச் சந்திச்சு முடிச்சிருப்போம். கதையையும் புதிரையும் ஒரே நூல்ல கோக்கறாங்கன்னு சொல்றது இதைத்தான்.

இதுவரைக்கும் பார்த்தது: புதிர்கள் தனித்தனியா நிக்கறது இல்ல, ஒண்ணோட ஒண்ணு கோர்த்த சார்ட்டா இருக்கு. சில வரிசை பக்கத்துப் பக்கத்துல ஓடும், சில கட்டம் பல வரிசையைத் திறக்கும்.

கம்ப்யூட்டருக்குள்ள என்ன நடக்குது

பாத்திரத்தைக் குடுத்ததும் கம்ப்யூட்டர் "ஆமா, இது தலையை மூடும்"னு புரிஞ்சுக்குதான்னு கேட்டா, இல்லவே இல்ல. உள்ள இருக்கறது ரொம்ப எளிமையான ஒரு விஷயம், அதுக்குப் பேரு ஃப்ளாக். ஒரு விஷயம் நடந்துடுச்சா இல்லையாங்கறதை ஆமா இல்லைன்னு குறிச்சு வச்சுக்கற ஒரு சின்ன நினைவு. பாத்திரம் எடுத்தாச்சா, ஆமா. பீரங்கில பறந்தாச்சா, இல்ல. நாய்ங்க தூங்குதா, இல்ல. கேம் முழுக்க இந்த மாதிரி நிறைய ஃப்ளாக் இருக்கும், நாம சேவ் பண்ணும்போது முக்கியமா சேமிக்கறது இதுங்களைத்தான்.

ஒவ்வொரு ஹாட்ஸ்பாட்டுக்கும் இந்த வெர்ப் வந்தா, இந்த ஃப்ளாக் ஆமான்னு இருந்தா, இதைச் செய்யுன்னு எழுத்தாளர் முன்னாடியே எழுதி வச்சிருப்பாரு. எழுதி வைக்காத எதைச் செஞ்சாலும் "அது வேலைக்காகாது"ங்கற மாதிரி ஒரு பொதுப் பதில் வரும். நல்ல கேமுக்கும் சுமாரான கேமுக்கும் வித்தியாசம் இங்கதான் பளிச்சுன்னு தெரியும். நல்ல எழுத்தாளர் தப்பான முயற்சிக்கும் தனியா பதில் எழுதி, அந்தப் பதில்லயே நீ யோசிக்கிற திசை சரி, பொருள்தான் தப்புன்னு லேசா காட்டிக் குடுப்பாரு.

எல்லாத்தையும் எல்லாத்தோடயும் சேர்த்துப் பார்க்கறேங்கற முறை ஏன் உதவாதுன்னும் இப்ப புரியும். பையில 15 பொருள், தீவுல 20 இடம், இடத்துக்கு 10 ஹாட்ஸ்பாட்னு வச்சாலே 3000 கூட்டு வருது, அதுல வொர்க் ஆகறது மிஞ்சிப்போனா சில டஜன். அப்படித் தட்டித் தட்டி ஒரு விடை கிடைச்சாலும் ஏன் வொர்க் ஆச்சுன்னு தெரியாததால அடுத்த புதிருக்கு அது எந்த உதவியும் பண்ணாது.

பேச்சே ஆயுதமா

அட்வென்ச்சர் கேம்ல புதிர்னா பொருளும் பொருளும் சேர்றது மட்டும்னு நினைக்கறதும் தப்பு. ஒருத்தர்கிட்ட பேசும்போது நாம என்ன சொல்லலாம்னு நாலஞ்சு வரி கீழ வரும், ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா பேச்சு அந்தப் பக்கமா கிளை விடும், அதை டயலாக் ட்ரீன்னு சொல்வாங்க. மங்கி ஐலண்ட்ல வாள் சண்டையே இதுலதான் நடக்குது. எதிராளி நம்மளை ஒரு வரி திட்டுவான், அதுக்குப் பொருத்தமா நாம மடக்கிப் பதில் சொன்னா வாள் நம்ம பக்கம் முன்னேறும், சொதப்பினா பின்வாங்கும். ஆரம்பத்துல நமக்குத் திட்டும் தெரியாது பதிலும் தெரியாது, தீவுல திரியற ஆளுங்களோட சண்டை போட்டுத் தோத்துத் தோத்துதான் ஒவ்வொண்ணா கத்துக்கணும்.

கடைசில வாள் தலைவிகிட்ட போனா அவங்க திட்டற வரி எல்லாமே புதுசு, ஒண்ணுகூட நாம கேட்டதில்ல. ஆனா நாம ஏற்கனவே கத்துக்கிட்ட அதே பதில்கள்ல ஏதோ ஒண்ணு அந்தப் புதுத் திட்டுக்கும் கச்சிதமா பொருந்தும். மனப்பாடம் பண்ணவங்க திணறுவாங்க, அர்த்தத்தைப் பிடிச்சவங்க ஜெயிப்பாங்க. விரல் வேகமே தேவைப்படாத ஒரு வாள் சண்டை, 1990-ல இதை யோசிச்சிருக்காங்கங்கறது எனக்கு இன்னைக்கும் பெரிய விஷயமா படுது.

நியாயமான புதிர், அநியாயமான புதிர்

எல்லா அட்வென்ச்சர் கேமும் இப்படி நல்லா இருக்கும்னு சொல்ல மாட்டேன். இந்த வகைக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்த புதிர்களும் நிறைய இருக்கு.

அதே 1990-ல வந்த 'கிங்ஸ் க்வெஸ்ட் ஃபைவ்'ல பேக்கரில கஸ்டர்ட் பைங்கற ஒரு பலகாரம் வாங்கலாம். அப்புறம் மலைல, நாம ஆடற ராஜாவுக்குப் பசிச்சு உயிர் போற நிலைமை வரும், அப்ப கையில இருக்கற அந்தப் பலகாரத்தைச் சாப்பிடறது யாருக்கும் தோணற விஷயம். சாப்பிட்டா அப்போதைக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா கொஞ்ச தூரத்துல வர்ற பனி மனுஷன் மூஞ்சில எறியறதுக்கு அது தேவைப்படும். பழைய சேவ் இல்லைன்னா திரும்ப முதல்லேர்ந்துதான். தப்பு பண்ணிட்டோம்னே சொல்லாம, இனி முடிக்கவே முடியாத நிலைல நம்மளை நடக்க விடறதுக்குப் பேரு டெட் எண்ட்.

இன்னொரு பிரபலமான உதாரணம் 1999-ல வந்த மூணாவது 'கேப்ரியல் நைட்'. வேற ஒருத்தர் பேருல பைக் வாடகைக்கு எடுக்க மாறுவேஷம் போடணும், அதுக்கு ஒரு பூனை முடியை டேப்ல ஒட்டி எடுத்து, அதைச் சிரப் வச்சு மூக்குக்குக் கீழ மீசையா ஒட்டிக்கணும். இதுல கொடுமை, அந்த ஆளுக்கு மீசையே கிடையாது, அதனால அவரோட பாஸ்போர்ட் ஃபோட்டோலயும் மீசை வரையணும். பாத்திரம் ஹெல்மெட் ஆகறதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிங்க. பாத்திரத்துல விடை தெரிஞ்சதும் "அட, இது தோணலையே"ன்னு இருக்கும். பூனை முடில விடை தெரிஞ்ச அப்புறமும் "இது எப்படித் தோணும்"னுதான் இருக்கும்.

ரான் கில்பர்ட் 1989-லயே இந்தக் குறைகளை வரிசையா எடுத்து ஒரு கட்டுரை எழுதினாரு. நோக்கம் என்னன்னு ஆட்டக்காரருக்குத் தெளிவா தெரியணும், பிரச்சனையைப் பார்க்கறதுக்கு முன்னாடியே விடையைக் கையில திணிக்கக்கூடாது, தெரியாம செஞ்ச தப்புக்குக் கேமையே முடிக்கக்கூடாதுங்கறது அதோட சாரம். அடுத்த வருஷமே மங்கி ஐலண்ட்ல செஞ்சும் காட்டினாரு. அதுல கைப்ரஷ் சாக ஒரே ஒரு வழிதான் இருக்கு. சிலையோட கட்டி அவனைக் கடல்ல தள்ளிடுவாங்க, பத்து நிமிஷம் மூச்சுப் பிடிப்பேன்னு அவன் ஏற்கனவே பெருமை அடிச்சிருப்பான், நாம எதுவுமே செய்யாம நிஜமாவே பத்து நிமிஷம் விட்டாதான் சாவான். அவனைச் சுத்திலும் கத்தி, வாள்னு கயித்தை அறுக்க எத்தனையோ கிடக்கும், எல்லாம் கைக்கு எட்டாத தூரத்துல. விடை, கட்டியிருக்கற அந்தச் சிலையையே கையில தூக்கிக்கிட்டு நடந்து மேல வந்துடறது.

சுருக்கமா, நியாயமான புதிர்ல விடைக்குத் தேவையான எல்லாம் முன்னாடியே நம்ம கண்ணுல பட்டிருக்கும், தப்பு பண்ணா திரும்பி வர வழி இருக்கும்.

மாட்டிக்கிட்டா என்ன பண்ணலாம்

மாட்டிக்கறது இந்த விளையாட்டோட ஒரு பகுதிதான், உங்க மூளைல குறை இல்ல. முதல்ல ஒரு தாள் எடுத்து இப்ப தடையா நிக்கற விஷயங்களை மட்டும் எழுதுங்க, "நாய் விட மாட்டேங்குது, காசு இல்ல, வாள் தலைவி வீடு தெரியல" இந்த மாதிரி. பக்கத்துலயே பையில இருக்கறதை எழுதுங்க. ஒவ்வொரு பொருளையும் அதோட பேரால பார்க்காம, எதால செஞ்சது, என்ன வடிவம், யாரு இதை விரும்புவாங்கன்னு பாருங்க. அப்பவும் வரலையா, முன்னாடி பேசின ஆளுங்ககிட்ட திரும்பப் போய்ப் பேசுங்க, ஏதோ ஒரு ஃப்ளாக் மாறியிருந்தா அவங்க பேச்சும் மாறியிருக்கும். இதெல்லாம் பண்ணியும் நகரலைன்னா மூடி வச்சுட்டு மறுநாள் வாங்க, குளிக்கும்போது விடை தோணறது இந்த கேம்ல சகஜம்.

கடைசி வழி உதவி கேக்கறது, அதுலயும் முறை இருக்கு. முழு விடையும் வரிசையா எழுதியிருக்கற வாக்த்ரூவைத் திறந்தா கண்ணு தானா கீழ போய் அடுத்த நாலு புதிரையும் சேர்த்துக் கெடுத்துடும். 1980-கள்லயே இன்ஃபோகாம்ங்கற கேம் கம்பெனி இதுக்கு அழகா ஒரு வழி பண்ணுச்சு, குறிப்புகளைக் கண்ணுக்குத் தெரியாத மையில புத்தகமா அடிச்சு ஒரு பேனாவும் குடுத்தாங்க, எந்த வரியைத் தேய்க்கிறோமோ அது மட்டும் தெரியும். இப்ப அதே வேலையை யுனிவர்சல் ஹிண்ட் சிஸ்டம்ங்கற தளம் பண்ணுது, ஒரு தடவைக்கு ஒரு குறிப்புதான் காட்டும். பாதிக் குறிப்புலயே பொறி தட்டிடுச்சுன்னா அங்கயே நிறுத்திடுங்க, மீதிப் புதிர் உங்களுதாவே இருக்கும்.

எதுல ஆரம்பிக்கலாம்

இங்க்லீஷ் வசனம் ஓரளவு புரியும்னா மங்கி ஐலண்டோட 2009 ஸ்பெஷல் எடிஷன்ல ஆரம்பிங்க, புதுப் படம், குரல், உள்ளயே படிப்படியான குறிப்பு எல்லாம் இருக்கு, ஒரு கீயைத் தட்டினா 1990 படத்துக்கு மாறிப் பார்த்துக்கவும் செய்யலாம். வசனமே வேணாம்னா அதே 2009-ல செக் நாட்டோட அமானிட்டா டிசைன் செஞ்ச 'மெஷினேரியம்' எடுத்துக்கோங்க, அதுல பேச்சே கிடையாது, எல்லாம் தலைக்கு மேல வர்ற கார்ட்டூன் குமிழிதான், சின்னப் பசங்களோட உட்கார்ந்துகூட விளையாடலாம். அதுல வர்ற ரோபோ தன்னோட உயரத்தை நீட்டிச் சுருக்கிக்கும், கைக்கு எட்டற தூரத்துல இருக்கறதை மட்டும்தான் தொட முடியும், அதனால கண்டபடி க்ளிக் பண்ற பழக்கம் தானா குறையும்.

2012-ல டெல்டேல் செஞ்ச 'தி வாக்கிங் டெட்' மாதிரி கேமையும் இதே அலமாரிலதான் வைப்பாங்க, ஆனா அதுல புதிர் ரொம்பக் கம்மி, நேரம் ஓடும்போது எந்தப் பதில் சொல்றோம், யாரைக் காப்பாத்தறோம்ங்கறதுதான் ஆட்டம். அதை விளையாடிட்டு அட்வென்ச்சர் கேம்னாலே புதிர் இல்லாத கதைதான்னு முடிவு பண்ணிடாதீங்க. மங்கி ஐலண்ட்லயோ மெஷினேரியத்துலயோ முதல் தடவை மாட்டிக்கும்போது வாக்த்ரூ பக்கம் போகாம அன்னைக்கு ராத்திரி அப்படியே விட்டுட்டு மறுநாள் திறந்து பாருங்க.